இந்த வருடம் நான் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஆண்டின் சிறந்த பாடல்கள், சிறந்த ஆல்பங்கள் என்று பட்டியல்கள் வர ஆரம்பித்துவிடும். முக்கால்வாசி சினிமாப் பாட்டு. மிச்சமிருக்கும் கால்வாசியில் ராப், சுயாதீன இசை என்று ஏதாவது இருக்கும். நாட்டுப்புறப் பாட்டும் கிறிஸ்தவப் பாட்டும் அந்தப் பட்டியலுக்குள் நுழைவதே இல்லை. ஒன்று 'மண்ணின் இசை' என்று பொங்கல் விழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கப்படும். இன்னொன்று 'அவங்க பாட்டு' என்று ஒதுக்கப்படும். இந்த இரண்டையும் நாள் முழுக்கக் கேட்கிறவர்கள், வேலையோடு வேலையாகப் பாடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்கள். அதுவும் கூலிக்குப் போகிற பெண்கள். பட்டியலில் இடம் கிடைக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றும்.

அதனால் என் பட்டியலை நானே போடுகிறேன். இந்த வருடம் வெளியானதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் கிடையாது. இந்த வருடம் நான் கேட்டதாக இருந்தால் போதும். எங்கள் பக்கம் பாட்டு அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை. கேசட்டில் இருந்தது சி.டி.க்குப் போகும், சி.டி.யில் இருந்தது பென் டிரைவுக்குப் போகும், பென் டிரைவில் இருந்து போனுக்கு வரும். வரும் வழியில் பாடியவர் பேர் மட்டும் எங்கேயாவது உதிர்ந்துவிடும்.

என் ஊர் சிலமலை. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது. மேற்கே திரும்பினால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், ஏலத்தோட்டங்கள். விடிவதற்கு முன்பே தெரு முனையில் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குவாளியும் பழைய சேலையும் முழுக்கைச் சட்டையுமாகப் பெண்கள் ஏறி, ஒருவர் மடியில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் போவார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படர்கிற சரங்களில் காய்க்கும். அதனால் காய் எடுப்பு முழுவதும் குனிந்தோ குத்தவைத்தோ செய்கிற வேலை. ஆண்கள் மருந்து அடிப்பார்கள், கவாத்து எடுப்பார்கள், ஸ்டோரில் காய் உலர்த்துவார்கள். குத்தவைக்கிற வேலை பெண்களுக்கு. அம்மா இருபது வருடம் அந்த ஜீப்பில் போனாள். அத்தை இன்றும் போகிறாள். நான் படித்து, தேனியில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்ததால் பஸ்ஸில் போகிறேன். லீவு நாளில் மட்டும் எப்போதாவது அத்தையோடு மலைக்குப் போவேன்.

ஜீப்பில் என்ன பாட்டு ஓட வேண்டும் என்பது ஓட்டுநரின் முடிவு. பென் டிரைவ் அவருடையது. ஏறும்போது இளையராஜாதான். எங்கள் பக்கத்தில் அதை ரசனை என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அது சொந்தம் கொண்டாடுவது. தேவாரத்தைத் தாண்டினால் பண்ணைப்புரம். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் மலைத் தோட்டங்களில் பாடி வாக்குக் கேட்ட கதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். சிறுவனாக இருந்த இளையராஜாவும் கூடப் போனார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த வாக்கு ஒரு பெண்ணுக்காகக் கேட்கப்பட்டது, அவர் ரோசம்மா புன்னூஸ், 1957-ல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதலாவதாக உறுதிமொழி எடுத்தவர் என்பதை ஒவ்வொரு முறையும் நான்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. இளையராஜாவின் அம்மா சின்னத்தாயம்மாளின் கதையும் அப்படித்தான். அம்மா பாடியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை என்று எல்லாரும் சொல்வார்கள். பாடகி என்று அவர் பேர் போட்ட ஒரு கேசட் அட்டையை நான் பார்த்ததில்லை.

இறங்கும்போது கதை வேறு. சாயங்காலம் அலுத்துப்போய் வருகிற பெண்கள் கேட்பார்கள். "தம்பி, நம்ம பாட்டப் போடுப்பா." நம்ம பாட்டு என்றால் சில நாள் அம்மன் பாட்டு. பல நாள் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள். கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே வந்த பெர்க்மான்ஸ் ஃபாதரின் பாட்டு வரிசை அது. பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது. எளிய சொல், இரண்டு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற அக்காவும் அதைக் கூடவே பாடுவாள். ஜீப்புக்குள் மதம் மாற்றமெல்லாம் எதுவும் நடக்கவில்லை. வளைவில் ஜீப் சாயும்போது யார் பேரைச் சொன்னாலும் சரிதான் என்கிற நிலைமை.

என் பட்டியலில் முதல் இடம் சாராள் நவரோஜிக்கு. 1938-ல் பிறந்து 2014-ல் மறைந்தவர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடினார். சபையையும் நடத்தினார். பெண் பிரசங்க மேடையில் ஏறலாமா என்று ஆண்கள் வசனம் புரட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் பாட்டு வழியாக மேடைக்குப் போய்விட்டார். அவருடைய குரலில் இனிப்பு அதிகம் இருக்காது. கொஞ்சம் கட்டளை இருக்கும். பயந்தவளுக்குத் தைரியம் சொல்கிற மூத்த அக்காவின் குரல் அது. இந்த வருடம் ஜூனில், வேலையை விட்டுவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரங்களில், காலையில் பஸ்ஸில் அவரைத்தான் கேட்டேன்.

எங்கள் சபையின் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பாட்டுக்கு எண் இருக்கிறது. முதல் அடி அகர வரிசையில் இருக்கிறது. எழுதியவர் பேர் மட்டும் இல்லை. அவர் பாட்டைப் பாடும் இளைஞர்களிடம் "இது யார் எழுதியது தெரியுமா?" என்று கேட்டேன். ஒருவர் மும்முரமாக யோசித்துவிட்டு ஒரு பாஸ்டர் பேரைச் சொன்னார். ஆண்டவருடைய மகிமைக்காக எழுதுகிறவர்கள் பேரைப் பார்க்கக் கூடாது என்று இன்னொருவர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தைச் சொல்லும்போது அவருடைய டி-சர்ட்டில் சபையின் பேரும் பாஸ்டரின் படமும் இருந்தன.

அடுத்தது ஆல்பம் என்று சொல்வதைவிட ஒரு ஆராதனை என்றே சொல்ல வேண்டும். தியோபிலஸ் அப்பாவுவின் 'கிராமிய இசை வழிபாடு'. பரட்டை அண்ணன் என்றால் சிலருக்கு உடனே தெரியும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தார், 2005-ல் இறந்தார். அவரைப் பற்றி ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் 2014-ல் ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டு எனக்குக் கிடைத்தது, அந்தக் கல்லூரியில் ஏதோ முகாமுக்குப் போய்வந்த ஒரு அக்கா மூலமாக. ஒலி தேய்ந்துபோன பிரதி. அதனாலேயே பிடித்தது.

பரட்டை என்ன செய்தார் என்பது புரிய வேண்டுமானால் அதற்கு முந்திய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். தமிழ்ச் சபைகளில் இரண்டு விதப் பாட்டுகள் இருந்தன. வெள்ளைக்காரர் மெட்டில் தமிழ்ச் சொற்களை அடைத்த ஞானப்பாட்டு ஒன்று. கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனை இன்னொன்று. கீர்த்தனை என்றால் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர். தேவமோகினி என்ற பெண்ணை நாயகியாக வைத்து, குறி சொல்லும் குறத்தியைக் கிறிஸ்தவக் கதைக்குள் அழைத்து வந்தவர். 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாருடைய பாட்டுகளைச் சேர்த்துக் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். அதற்குப் பிறகு மதுரைப் பக்கத்துக் கிராமச் சபைகளுக்கும் அந்தப் பாட்டுகள் வந்தன.

இதே சாஸ்திரியார்தான் 1820-களின் இறுதியில் புதிதாக வந்த மிஷனரிகளோடு சண்டை போட்டார். சபையில் தமிழ்ப் பாட்டையும் தமிழ் இசையையும் தடுக்கிறார்கள் என்பது அவருடைய புகார்களில் ஒன்று. நியாயமான புகார். சாதி பார்க்காமல் எல்லாரையும் சேர்த்து உட்கார வைக்கிறார்கள் என்பதும் அதே மூச்சில் சொன்ன இன்னொரு புகார். முதல் தடவை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். நம் மொழி, நம் இசை என்று ஒருவர் சொல்லும்போது அந்த 'நம்'முக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காமல் கைதட்டக் கூடாது. கீர்த்தனைகளை இன்றும் எனக்குப் பிடிக்கும், பாடுவேன். ஆனால் அவை எங்கள் தெருவிலிருந்து புறப்பட்டவை இல்லை.

பரட்டை அண்ணன் தெருவிலிருந்து புறப்பட்டார். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒயில், ஒப்பாரி என்று கூலிக்காரர்களின் மெட்டில் முழு ஆராதனை முறையையும் அமைத்தார். பாவ அறிக்கை, விசுவாச அறிக்கை, நற்கருணை எல்லாம். நாட்டுப்புறப் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம், பாடுகிறவள் மாற்றலாம், தன் ஊர்ச் சங்கதியைச் சேர்க்கலாம் என்பதுதான் அவருக்கு முக்கியம். அப்படி மாற்றுகிறவள் இறையியல் பேசுகிறாள் என்பது அவர் கட்சி. அச்சடித்த கீர்த்தனையில் ஒரு சொல்லை மாற்றினால் தப்பு. வயலில் பாடும் பாட்டில் ஒரு சொல்லை மாற்றாவிட்டால்தான் தப்பு. எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதுதான் நற்கருணை என்றார். சாதிக்கு ஒரு குவளை வைத்திருந்த ஊர்களில் அதற்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரே ஒரு சொல். கடவுளைப் பிதா என்று கூப்பிடும் இடத்தில் அவர் 'பெத்தவர்' என்று கூப்பிட வைத்தார். தமிழில் அந்த 'அர்' விகுதிக்கு ஆண் பெண் கிடையாது. பெத்தவரில் அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. சொல்லப்போனால் பெறுகிறவள் அம்மாதான். கடவுளைத் தாய் என்று சொல்லலாமா கூடாதா என்று பக்கம் பக்கமாக விவாதிக்கும் விஷயத்தை எங்கள் தெருப் பேச்சுச் சொல் ஒன்று சத்தமில்லாமல் முடித்துவைத்துவிட்டது. குடித்துவிட்டு அடிக்கிற அப்பனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, கண்ணை மூடி "பிதாவே" என்று சொல்லும்போது யார் முகம் வரும்? என் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தைக்கு இந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். "எப்படி இருக்கு அத்தே?"

"மெட்டு நம்ம மெட்டுதேன். பாடுறவுக தொண்டையத்தான் கழுவித் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு."

இசை விமர்சனம் என்று நான் இந்த வருடம் கேட்டதில் இதுதான் சிறந்தது. கழுவித் துடைத்த தொண்டை. மதுரையின் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பாட்டைக் கேட்கும்போதும் எனக்கு இதே எண்ணம் கொஞ்சம் வரும். கணவரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்தவர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் இல்லாவிட்டால் எத்தனையோ பாட்டுகள் காணாமல் போயிருக்கும். நன்றியோடுதான் கேட்கிறேன். ஆனாலும் மேடைக்கு வரும் முன் பாட்டு தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்துவிடுகிறது. கொல்லங்குடி கருப்பாயியிடமும் பரவை முனியம்மாவிடமும் அந்தத் தலைசீவல் இல்லை. பரவை முனியம்மா 2020-ல் போய்விட்டார். இரண்டு பேரையும் சினிமா சில நிமிடங்கள் பயன்படுத்திக்கொண்டு, பிறகு கிழவி வேடத்துக்கு மட்டும் கூப்பிட்டது. குரல் இருக்கிற பெண்ணுக்கு வயதானால் சினிமாவில் அவள் நகைச்சுவை.

இப்போது எங்கள் சபையைச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம். இது எங்கள் சபை மட்டும் செய்கிற காரியம் இல்லை. கீபோர்டு, பேஸ் கிடார், ரிதம் பேட் மூன்றும் இருக்கின்றன. வாசிப்பவர்கள் பையன்கள். பாட்டை நடத்துகிறவரும் பையன். பெண்கள் இரண்டு பேர் ஓரத்தில் மைக் பிடித்துக்கொண்டு கூடப் பாடுவார்கள். பறை கூடாது. அது பழைய வாழ்க்கையின் அடையாளம், சாவு வீட்டுச் சத்தம், பிசாசின் சத்தம் என்று ஒவ்வொரு நேரம் ஒவ்வொரு காரணம் வரும். ஆனால் கிறிஸ்மஸ் நேரத்தில் அந்த ரிதம் பேடில் ஒரு பொத்தானைத் தட்டினால் வருவது சாட்சாத் பறைச் சத்தம்! தோலில் அடித்தால் சாத்தான், ரப்பரில் தட்டினால் ஆராதனை. எங்கள் தாத்தா அடித்த கொட்டு சீன பிளாஸ்டிக்குக்குள் புகுந்து ஞானஸ்நானம் வாங்கி வந்திருக்கிறது.

பையன்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பறை என்ற சொல்லே எங்களை அடையாளம் காட்டிக்கொடுக்கும். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்குத்தான். சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்றுவரை சேர்க்கவில்லை. ஆகவே எங்கள் தெருவில் பல பேருக்குச் சான்றிதழில் ஒரு பேர், சபையில் ஒரு பேர். மதம் மாறியதால் உரிமை போகும். ஆனால் சாதி போகாது, டீக்கடையில் போகாது, கல்யாணத்தில் போகாது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் போகாது. இந்த நிலைமையில் பறையை ஒளித்துவைக்க ஆசைப்படுகிறவனைப் புரிந்துகொள்ள முடிகிறது.

திண்டுக்கல்லில் அதற்கு நேர் எதிரான வழியை எடுத்தார்கள். சிஸ்டர் சந்திரா என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி உருவாக்கிய சக்தி கலைக்குழு. பறையைத் தொட்டாலே தீட்டு, பெண் தொட்டால் இன்னும் தீட்டு என்று இருந்த கருவியைத் தலித் இளம்பெண்களின் தோளில் மாட்டிவிட்டார். ஷெரினியன் இவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படமும் எடுத்திருக்கிறார். இந்தப் பெண்கள் அடிப்பதை ஆல்பமாகக் கேட்பதைவிடப் பார்க்க வேண்டும். காலைத் தூக்கி வைக்கும்போது அவர்கள் யாருடைய முகத்தையும் பார்த்து அனுமதி கேட்பதில்லை. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீடியோவில் காட்டினேன். "மிஸ், கை வலிக்காதா?" என்று ஒருத்தி கேட்டாள். பையன்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

2024-ல் வந்த அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி'யையும் சொல்லியாக வேண்டும். 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது எங்கள் ஊரில் அதைக் கேட்காத ஜீப் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய பாட்டியின் கதை. எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக் கதை. கடல் தாண்டியவர்களும் மலை தாண்டியவர்களும் அதே கங்காணியிடம்தான் முன்பணம் வாங்கினார்கள். பிறகு அந்தப் பாட்டின் புகழ் யாருக்கு என்ற சண்டை வந்ததும், ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு இல்லாமல் போனதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு அவர் தன் ஆல்பத்துக்குப் பாட்டியின் பேரையே வைத்தார். பேரனாகத்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். தகப்பன் பேரைச் சொல்லியே பழகிய நாட்டில் பாட்டி வழியாக வம்சம் சொல்வது பெரிய காரியம். பாட்டிகள் தங்கள் பாட்டைத் தாங்களே ஆல்பமாகப் போடும் நாள் எப்போது வரும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

என் அப்பத்தா இந்த வருடம் ஐப்பசியில் இறந்தாள். மலைக்கு ஜீப் வராத காலத்தில் நடந்தே ஏறியவள். எண்பது தாண்டியிருக்கும், யாரிடமும் கணக்கு இல்லை. எங்கள் தெருவில் ஒப்பாரி என்றால் அப்பத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். சாதி பார்க்கிற தெருக்களிலிருந்துகூட ஆள் வரும். ஞானஸ்நானம் எடுத்த பிறகு அவள் அடுத்தவர் வீட்டில் பாடுவதை நிறுத்திக்கொண்டாள். சபையில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். தாத்தா செத்தபோதுகூட வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய சாவுக்கும் பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்து ஜெபித்தவர். கிழவிகள் கூடி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டதும் கையமர்த்தினார்.

"அம்மா, நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி நாம அழக் கூடாது. ஒப்பாரி வேண்டாம். பாட்டுப் புத்தகம் எடுங்க."

அத்தை "சரிங்கய்யா" என்றாள். கீபோர்டு வந்தது. பரலோகத்தைப் பற்றிச் சந்தோஷமான பாட்டுகளைப் பாடினார்கள். கிழவிகளுக்கு அந்தப் பாட்டுகள் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஊர் முழுக்கச் சாவுக்குப் பாடியவளின் சாவு வீட்டில் அவளுக்குத் தெரிந்த ஒரு பாட்டும் இல்லை.

எங்கள் தெருவில் பெண்கள் தெரு முனை வரைதான் போவார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்களும் பாஸ்டரும் கீபோர்டுப் பையனும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். வீடு கழுவ வேண்டிய நேரம். அத்தை வாளியைக் கீழே வைத்தாள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். தோளோடு தோள் சேர்ந்தது. அத்தை ஆரம்பித்தாள்.

அந்தப் பாட்டை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். கணக்கு இருந்தது. எத்தனை கூடை காய், எத்தனை மழை, எத்தனை அட்டை கடித்த கால். பட்டா தருகிறேன் என்று சொல்லித் தராமல் போன தாலுகா ஆபீஸ் இருந்தது. குடித்துச் செத்த மகன் இருந்தான். அவன் என் அப்பா. காலொடிந்த பிறகும் மலைக்குப் போன வருடம் இருந்தது. நடுவில் இயேசுவும் வந்தார். அவரையும் அத்தை விடவில்லை. அட்வான்ஸ் பாக்கி தீரும் முன்னே எங்காத்தாவைக் கூப்பிட்டாயே, உனக்கு என்ன அவசரம் என்று கேட்டாள். சிலுவையில் நீ தொங்கியபோது உன் ஆத்தா அழாமலா நின்றாள் என்று கேட்டாள். எழுதி வைத்த பாட்டு இல்லை. அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது. பாடுகிறவள்தான் இறையியல் பேசுகிறாள் என்று பரட்டை அண்ணன் சொன்னதை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஒருத்தி தொண்டையும் கழுவித் துடைத்ததாக இல்லை.

நான் போனை எடுத்ததை அத்தை பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தாள். பதினோரு நிமிடம் பதிவாகியிருக்கிறது. ஆண்கள் திரும்பி வருவதைப் பார்த்து ஒரு சித்தி தொடையைத் தட்டியதும் பாட்டு நின்றது.

எட்டாம் நாள் வீட்டில் ஜெபக்கூட்டம். எல்லாரும் போன பிறகு அத்தை தன் பைபிளோடு பாஸ்டர் முன்னால் போய் நின்றாள். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டக் கற்றவள். பைபிளைத் தவிர வேறு புத்தகம் படித்ததில்லை. எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து விரலை வைத்தாள். புலம்பற்காரிகளைக் கூட்டிவரச் சொல்லும் இடம் அது. கொஞ்சம் கீழே, பெண்களைப் பார்த்து, மகள்களுக்கு ஒப்பாரி சொல்லிக்கொடுங்கள் என்று கர்த்தரே சொல்கிற வசனமும் வரும்.

"இதுக்கு என்னங்கய்யா அர்த்தம்?"

பாஸ்டர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "அது பழைய ஏற்பாட்டுக் காலம்மா."

"பத்துல ஒண்ணு காணிக்கை கேக்குறீகளே, அது எந்த ஏற்பாடுங்கய்யா?"

அவர் சிரித்துவிட்டார். கோபப்படவில்லை. பேசலாம்மா என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். இன்னும் பேசவில்லை. சபையில் எதுவும் மாறவில்லை, ரிதம் பேட் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நவம்பரில் மேலத்தெருவில் ஒரு கிழவி இறந்தபோது, ஆண்கள் கல்லறைக்குப் போனதும் பெண்கள் அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சபைப் பெண்கள்தான். வீடு கழுவுவதைத் தள்ளிவைத்துவிட்டு.

பதிவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. என் தம்பி அதற்குக் கீழே ஒரு பீட் போட்டு ரீல்ஸ் ஆக்கலாம் என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். லட்சம் பேர் பார்ப்பார்கள் என்றான். அத்தை உலை வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் எங்காத்தாவுக்குப் பாடுனேன். லட்சம் பேரு எங்காத்தாவாடா?" தம்பி என்னைப் பார்த்தான். நான் அத்தை பக்கம். பெண்களின் பாட்டு வெளியே வர வேண்டும், பேர் வர வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசியவள்தான் நான். பாடியவள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். சாராள் நவரோஜியின் பேரை அச்சில் போடச் சொல்வதற்கும் அத்தையின் பாட்டைப் போனுக்குள் வைத்திருப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் பாட்டு அவளுடையது.

ஆகவே என் பட்டியலில் முதலிடத்துக்கும் மேலே இருப்பது நீங்கள் தேடினால் கிடைக்காத பாட்டு. அத்தை மட்டும் சில ராத்திரிகளில் கேட்பாள். "அதப் போடு தாயி." கட்டிலில் இருவரும் சாய்ந்துகொண்டு கேட்போம். போன வாரம் போனில் இடமில்லை என்று வந்ததால் அதை மெமரி கார்டுக்கு மாற்றினேன். என்ன பேர் வைப்பது என்று கேட்டது. அப்பத்தாவுக்கு ரேஷன் கார்டில் ஒரு பேர், ஞானஸ்நானத்தில் ஒரு பேர். எதை அடிக்கட்டும் என்று அத்தையிடம் கேட்டேன்.

"ரெண்டும் வேணாம். தோட்டத்துல அவள ஒப்பாரிக்காரின்னுதேன் கூப்புடுவாக. அதையே போடு."